உதவி மேடை மேலாளரின் அன்றாட வேலை: ஒத்திகை அறை முதல் மேடை பூட்டும் வரை

மேடையைத் துடைத்த பிறகுதான் பொருள்களை வைக்க வேண்டும். பொருள்களை வைத்துவிட்டுத் துடைக்கப் போனால் என்ன ஆகும்? மேஜையை நகர்த்துவதற்காக அதன்மேல் இருந்த கடிதத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பீர்கள். துடைத்து முடித்து மேஜையைப் பழைய இடத்தில் போடுவீர்கள். கடிதம் ஜன்னலிலேயே கிடக்கும். இரண்டாம் காட்சியில் நடிகர் வெறும் மேஜையைத் தடவும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

உதவி மேடை மேலாளர் செய்யும் வேலைகளில் தனியாக எடுத்துப் பார்த்தால் கடினமானது எதுவும் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு, அதில் ஒன்று முன்பின்னாகப் போனால் மேடையில் பல்லிளிக்கும். புதிதாக வருபவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சேர்த்து அந்த வரிசையைக் கீழே தருகிறோம்.

1. முதல் ஒத்திகைக்கு முன் கைவசம் இருக்க வேண்டியவை

அளப்பதற்கு 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று, 30 மீட்டர் நீள அளவு டேப் இரண்டு, அளவுகோல், சாக்பீஸ். நான்கு நிறங்களில் 19 மில்லிமீட்டர் பிவிசி டேப், கறுப்புத் துணி டேப் ஒரு சுருள், இருட்டில் ஒளிரும் டேப் கொஞ்சம். கத்தரிக்கோல், ஊக்கு, ஊசி, கறுப்பு நூல், ஸ்டாப்வாட்ச், முதலுதவிப் பெட்டி. முகப்பில் நீல ஜெலட்டின் தாள் ஒட்டிய சிறிய டார்ச்சும் அதற்கு மாற்று பேட்டரியும்.

பென்சில் மட்டும் ஐந்தாறு வேண்டும். ஒத்திகையில் எழுதும் எதுவும் மறுநாள் மாறலாம், அதனால் பேனாவைத் தொடாதீர்கள்.

நாடகப் பிரதியை ஒருபக்கம் மட்டும் அச்செடுத்து வளையக் கோப்பில் போடுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால்தான் குறிப்பு எழுத இடம் கிடைக்கும். காட்சி நாள்களுக்கு முழுக் கறுப்பு உடையும், விரல்களை மூடிய, ஓசை வராத மென்மையான அடி கொண்ட காலணியும் தேவை. சட்டைப்பையில் சாவியும் சில்லறையும் வேண்டாம். அமைதியான காட்சியில் அந்தச் சலசலப்பு மூன்றாம் வரிசை வரை கேட்கும்.

2. ஒத்திகைத் தரையில் அரங்கத்தை வரைதல்

அரங்க அமைப்பின் உண்மையான அளவு ஒத்திகை அறைத் தரையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடிகர்கள் மூன்று வாரம் சுவருக்குள் நடந்து பழகிவிடுவார்கள்.

அரங்க அமைப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தரைப்படம் 1:25 அளவில் இருந்தால் தாளில் 4 செ.மீ. தரையில் 1 மீட்டர். கோடு போடுமுன் தாளில் எந்த அளவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நகலெடுக்கும்போது தாள் சுருக்கப்பட்டிருந்தால் அளவுகோல் பொய் சொல்லும். படத்திலேயே எழுதியிருக்கும் ஒரு நீளத்தை அளந்து, அது ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேடையின் நடுக்கோடு. அடுத்து அதற்குச் செங்குத்தாக முன்கோடு, அதாவது மேடையின் முன்விளிம்பு. செங்கோணத்தைக் கண்ணளவில் போடக்கூடாது. நடுக்கோட்டில் 3 மீட்டரும் முன்கோட்டில் 4 மீட்டரும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வந்தால் கோணம் சரி. பிறகு ஒவ்வொரு மூலையையும் இந்த இரு கோடுகளிலிருந்தும் அளந்து சாக்பீஸால் குறிக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் வந்தபின் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டேப் ஒட்டுங்கள். டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்டுவதைவிடச் சாக்பீஸை அழிப்பது எளிது.

பிவிசி டேப்பை இழுத்து ஒட்டினால் அது மெல்லச் சுருங்கும், மறுநாள் இரு முனைகளும் எழுந்து நிற்கும். தளர்வாக விட்டு, பாதத்தால் தேய்த்து அழுத்துங்கள். துணி டேப்பின் பசை தரையில் தங்கிவிடும் என்பதால் இந்த வேலைக்கு அது ஆகாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும், படிகளின் ஒவ்வொரு விளிம்பையும், ஏறும் திசைக்கு ஓர் அம்புக்குறியையும் குறிக்க மறக்காதீர்கள். இரண்டு காட்சிகளுக்கு வேறு வேறு அமைப்பு என்றால் வேறு வேறு நிறம்.

நாற்காலி, மேஜைகளுக்கு முழுச் சுற்றளவும் தேவையில்லை. பின்மேடைப் பக்கம் இருக்கும் இரண்டு கால்களுக்கு மட்டும் சிறிய ‘எல்’ வடிவக் குறி போதும். நான்கு கால்களுக்கும் குறி போட்டால் மேடை முழுக்க டேப் மயமாகி, எது எதற்கு என்று உங்களுக்கே குழம்பும். முன்பக்கக் குறிகள் பார்வையாளர் கண்ணிலும் படும்.

3. பிராப்பர்ட்டி பட்டியலும் பயணமும்

பிரதியைப் பக்கம் பக்கமாகப் படித்து நடிகர் தொடும் ஒவ்வொரு பொருளையும் (பிராப்பர்ட்டி என்பது இதுதான்) எழுதுங்கள். வசனத்தில் மட்டும் வருபவையும் உண்டு. ‘மணி என்ன?’ என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் பொருளின் பெயர், பக்க எண், யார் கொண்டுவருகிறார், எந்தப் பக்க விங்கிலிருந்து (மேடையின் ஓரத்தில் பார்வையாளர் கண்ணில் படாத மறைவிடம்) வருகிறது, எந்தப் பக்க விங் வழியாக வெளியேறுகிறது, அடுத்து எப்போது எங்கே தேவை என ஆறு கட்டங்கள் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. குடை இடப்புற விங்கிலிருந்து உள்ளே வருகிறது. நடிகர் அதோடு வலப்புறம் வெளியேறுகிறார். நான்காம் காட்சியில் அதே குடை மறுபடி இடப்புறத்திலிருந்து வர வேண்டும். அதை வலத்திலிருந்து இடத்துக்குக் கொண்டுபோவது யார்? பட்டியலில் அந்தப் பயணம் இல்லாவிட்டால் யாரும் இல்லை. இடம், வலம் என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடம், வலம். இதில் ஒருநாள் தடுமாறினால் பட்டியல் முழுவதும் தலைகீழ்.

அசல் பொருள் வரும்வரை மாற்றுப் பொருளால் ஒத்திகை நடக்கும். நிறம், அழகு முக்கியமில்லை, எடையும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பழகியவர் கையில் கடைசி வாரம் எட்டு கிலோ மரப்பெட்டியைக் கொடுத்தால், அவர் நடையும் மூச்சும் மாறி வசனமே தடுமாறும்.

4. வசனம் எடுத்துக் கொடுத்தல்

நடிகர்கள் பிரதியைக் கீழே வைத்த நாளிலிருந்து உங்கள் கண் பிரதியை விட்டு எழக்கூடாது. வரியின்மேல் ஒரு அளவுகோலை வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். நடிப்பு நன்றாக இருக்கும்போதுதான் எல்லோரும் தலை தூக்கிப் பார்ப்பார்கள், நடிகர் மறப்பதும் சரியாக அப்போதுதான்.

நடிகர் ‘வரி’ என்று கேட்டதும் அடுத்த வாக்கியத்தின் முதல் மூன்று நான்கு சொற்களை உரக்க, தெளிவாக, எந்த உணர்ச்சியும் கலக்காமல் சொல்லுங்கள். நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு சொன்னால் அது நடிகர் காதில் ஒட்டிக்கொள்ளும். கிசுகிசுத்தால் ‘என்ன?’ என்ற கேள்விதான் திரும்பி வரும். கேட்காமல் எடுத்துக் கொடுப்பது இன்னும் மோசம், அந்த மௌனம் இயக்குநர் கேட்டு வாங்கியதாக இருக்கலாம். அத்தகைய இடங்களைப் பிரதியில் ஒரு சிறு கோட்டால் குறித்துவிட்டால் சிக்கல் இல்லை.

தவறுகளைக் குறிக்க நான்கு அடையாளம் போதும்: விட்ட சொல்லைச் சுற்றி வட்டம், மாற்றிச் சொன்னதற்கு அடிக்கோடு, சேர்த்துச் சொன்னதற்கு கூட்டல் குறி, தாண்டிப் போன பகுதிக்குப் பக்கவாட்டில் செங்குத்துக் கோடு. ஒத்திகை முடிந்ததும் அவரவருக்குத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டாதீர்கள்.

5. பிராப்பர்ட்டி மேஜை

இரண்டு விங்கிலும் பக்கத்துக்கு ஒரு மேஜை. மேலே வெள்ளைத் தாள் விரித்து, டேப்பால் கட்டங்கள் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பொருள். காட்சி வரிசைப்படி அடுக்குங்கள்.

பெயரைக் கட்டத்துக்கு உள்ளேயே, பொருள் உட்காரும் இடத்தில் எழுதுவது நல்லது. பொருள் இருக்கும்போது பெயர் மறைந்திருக்கும், பொருள் இல்லாதபோது ‘மூக்குக்கண்ணாடி – 3ஆம் காட்சி’ என்ற எழுத்து பளிச்சென்று தெரியும். நாற்பது கட்டங்களை ஒரே பார்வையில் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மேஜைக்கு மேலே நீலத் தாள் சுற்றிய சிறு விளக்கு ஒன்று வேண்டும். அதன் வெளிச்சம் மேடைக்குள் கசியாமல் இருக்கிறதா என்று பார்வையாளர் இருக்கையின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து பாருங்கள்.

மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு: அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரையும் உங்களையும் தவிர வேறு யாரும் எதையும் தொடக்கூடாது. தேநீர்க் கோப்பை, கைப்பேசி, யாருடைய சாப்பாட்டு டப்பாவும் அங்கே வரக்கூடாது. முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கெட்ட பெயர் வரும், பரவாயில்லை.

6. காட்சி மாற்றம்

25 விநாடி இருட்டில் நான்கு பேர் ஒரு வரவேற்பறையை எடுத்துவிட்டு ஒரு தெருவைக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ரன்னிங் ஷீட் ஒன்று எழுதுங்கள். ஆள் வாரியாக, வரிசையாக: ‘முதல் ஆள்: வலப்புறத்திலிருந்து நுழைந்து நாற்காலியை எடுத்து, வலப்புறம் வெளியே. பெஞ்சின் வலமுனையைப் பிடித்து உள்ளே, சிவப்புக் குறி.’ ஒவ்வொருவருக்கும் அவருடைய பகுதி மட்டும் உள்ள சிறு அட்டை.

எழுதும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒரு விங் வழியாக உள்ளதெல்லாம் வெளியே வந்தபின்தான் புதியது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் வாசலில் இரண்டு மேஜைகள் முட்டிக்கொள்ளும். அடுத்து, முடிந்தவரை யாரும் வெறுங்கையோடு உள்ளே போகவோ வெறுங்கையோடு திரும்பவோ கூடாது. இதைச் சரிசெய்தாலே பல நேரம் ஐந்தாறு விநாடி மிச்சமாகும்.

பழகுவதற்கும் வரிசை உண்டு. முழு வெளிச்சத்தில் மெதுவாக, பிறகு முழு வெளிச்சத்தில் வேகமாக, பிறகுதான் இருட்டில். முதல் முறையே இருட்டில் செய்து பார்ப்பவர்கள் முழங்காலைத்தான் பழக்குகிறார்கள். ஓடக்கூடாது, வேகமாக நடக்கலாம்.

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், உங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அதனால் பிளாக்அவுட்டுக்கு ஒரு நிமிடம் முன்பே மேடை விளக்கைப் பார்ப்பதை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்ததும் அந்தக் கண்ணைத் திறந்தால் மேஜையின் விளிம்பு ஓரளவு தெரியும்.

ஒளிரும் டேப்பை ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, படி விளிம்பு, மேடை விளிம்பு, கூர்முனை உள்ள இடங்களில் மட்டும் ஒட்டுங்கள். கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினால் பிளாக்அவுட்டில் பார்வையாளருக்கு விமான ஓடுதளம் தெரியும். இந்த டேப் வெளிச்சத்தை வாங்கித்தான் ஒளிரும். விங்கின் இருட்டில் இருப்பதற்கு நாடகம் தொடங்குமுன் டார்ச் அடித்து வையுங்கள்.

7. காட்சி நாள்: மேடையைத் தயார் செய்தல்

திரை விலகுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். நடிகர்கள் வந்ததும் கையெழுத்திடும் தாளை நுழைவாயிலில் மாட்டிவிட்டு இந்த வரிசையில் போங்கள்:

முதலில் வேலை விளக்கைப் போட்டுவிட்டு, கையில் எதையும் எடுக்காமல் மேடை முழுவதும் ஒரு நடை. ஆணி, திருகு, ஊக்கு, பெயர்ந்த டேப், ஆடும் படி. நேற்று ஏதாவது உடைந்ததா, எங்கே சிதறியது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு பின்மேடையிலிருந்து முன்மேடை நோக்கிப் பெருக்குங்கள், விங்குகளையும் சேர்த்து. அடுத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தல். சோப்பை அள்ளி ஊற்றாதீர்கள், காய்ந்தபின் தங்கும் படலம் வழுக்கும். காய 20 நிமிடம் கொடுங்கள். யாராவது வெறுங்காலோடு நடிக்கிறார்கள் என்றால் துடைத்த பிறகு உள்ளங்கையால் தரையைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் சிறு கண்ணாடித் துகள் கைக்குத் தப்பாது.

ஒளிப்பிரிவு விளக்குகளைச் சோதிக்க மேடை காலியாக இருக்க வேண்டும், அதைத் தரை காயும் நேரத்தில் முடிக்கச் சொல்லுங்கள். சண்டைக் காட்சி, தூக்கும் நடன அசைவு இருந்தால் அவற்றின் ஒத்திகையும் பார்வையாளர் நுழையும் முன்பே.

அதன்பின் மேஜை நாற்காலிகள் குறியில். அதன்மேல் பொருள்கள். கடைசியாகப் பட்டியல்.

பட்டியலைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பொருளைத் தொட்டு ‘இருக்கு’ என்று சொல்ல வேண்டும். தொடாமல் பார்த்து மட்டும் சொன்னால் மனம் நேற்றைய மேடையைக் காட்டிவிடும். வேலை செய்ய வேண்டியதைச் செய்ய வைத்தும் பாருங்கள்: தீப்பெட்டியில் குச்சி இருக்கிறதா, பேனா எழுதுகிறதா, அலமாரி திறக்கிறதா, திறக்கக்கூடாத கதவு பூட்டியிருக்கிறதா. உறைக்குள் கடிதம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேற்றுப் பிரித்த உறையைப் புதிதாக ஒட்டாமல் வைப்பது தினமும் எங்கோ ஒரு மேடையில் நடக்கிறது.

தனியாளாக இருந்தால் பட்டியலை இரண்டு முறை, இரண்டாம் முறை கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

8. சாப்பாடு, கிழிபடுபவை, ஆயுதம்

மேடையில் சாப்பிடப்படுவதை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். முதல் ஒத்திகையிலேயே ஒவ்வொரு நடிகரிடமும் ஒவ்வாமை பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உலர்ந்த பிஸ்கட், பொரித்த மாவுப் பண்டங்கள் தொண்டையில் ஒட்டி அடுத்த வசனத்தைக் கெடுக்கும். மென்மையான பழத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி வைத்தால் இரண்டு மென்றலில் இறங்கிவிடும். வாயு நிறைந்த பானம் கொடுத்தால் ஏப்பம் நிச்சயம்.

விஸ்கிக்குப் பால் சேர்க்காத தேநீரைத் தண்ணீர் கலந்து நிறம் பார்த்து ஊற்றுங்கள். சர்க்கரை வேண்டாம், சிந்தினால் தரையில் பிசுபிசுக்கும், பட்டுத்துணியில் கறை விழும். ஃப்ரிட்ஜில் வைத்தால் தேநீர் கலங்கலாகிவிடும், அதனால் அறை வெப்பத்திலேயே ஆறவிடுங்கள். நான்கு முறை குடிக்க வேண்டியவருக்குக் கோப்பையில் இரண்டு விரல் அளவு போதும்.

தினமும் கிழிபடும் கடிதம் என்றால் கணக்கு இப்படி: நாடகம் நடக்கும் 12 நாள், 2 உடை ஒத்திகை, 3 உபரி, ஆக 17 பிரதிகள். மேடையில் இன்றைய ஒன்று மட்டும். விங் மேஜையில் அவசரத்துக்கு ஒன்று. மீதி பூட்டிய பெட்டியில்.

ஆயுதம் எதுவும், மழுங்கிய கத்தியானாலும் பொம்மைத் துப்பாக்கியானாலும், மேஜையில் கிடக்கக்கூடாது. பூட்டி வைத்து, நுழையும் முன் ஒரே ஆள் நடிகர் கையில் கொடுத்து, வெளியே வந்ததும் அதே ஆள் வாங்க வேண்டும். வேறு யாரும் வேடிக்கைக்குக்கூட எடுத்துப் பார்க்கக் கூடாது.

9. நேர அழைப்புகள்

இங்கே இரண்டு மரபுகள் உண்டு, புதியவர்கள் குழம்புவது அதனால்தான். பிரிட்டிஷ் மரபில் ‘அரை மணி’ அழைப்பு திரை விலகுவதற்கு 35 நிமிடம் முன்பு வரும். ‘கால் மணி’ 20 நிமிடம் முன்பு, ‘ஐந்து’ 10 நிமிடம் முன்பு, முதலில் நுழைவோருக்கான அழைப்பு 5 நிமிடம் முன்பு. அதாவது 7 மணி நாடகத்துக்கு 6.25, 6.40, 6.50, 6.55. அந்த ஐந்து நிமிடத் தள்ளல், எல்லோரும் திரை விலகுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. அமெரிக்க மரபில் நிமிடம் நேரடியாகத் திரை நேரத்தைக் குறிக்கும். உங்கள் குழு எதைப் பின்பற்றுகிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அறைக்கதவைத் தட்டி, நேரத்தைச் சொல்லி, பதில் வரும்வரை நில்லுங்கள். ‘கால் மணி, நன்றி’ என்று குரல் வந்தால்தான் அழைப்பு முடிந்தது. அரை மணி அழைப்பின்போது கையெழுத்துத் தாளில் இடம் காலியாக இருந்தால் உடனே மேடை மேலாளரிடம் சொல்லுங்கள். ‘வந்துடுவார்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

10. நாடகம் ஓடும்போது

ஹெட்செட்டில் பேசாத நேரமெல்லாம் மைக் அணைந்திருக்கட்டும். கழற்றும் முன் மைக்கை அணைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மேஜையில் வைக்கும் சத்தம் எல்லோர் காதிலும் இடிபோல விழும். மேடை மேலாளர் ‘ஸ்டாண்ட்பை’ (தயாராக இரு) என்றால் ‘ஸ்டாண்ட்பை’ என்றே பதில் சொல்லுங்கள். அதன்பின் யாரும் பேசக்கூடாது. செயல்படச் சொல்லும் ‘கோ’ என்ற சொல் மேடை மேலாளர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும். பேச்சுவாக்கில் நீங்கள் சொன்னால் யாராவது ஒரு விளக்கை அணைத்துவிடுவார்கள். சொல்லுக்குப் பதிலாக விளக்கால் சைகை காட்டும் க்யூ விளக்கு முறை என்றால் சிவப்பு தயாராக இருக்க, பச்சை செயல்பட.

நடிகர் நுழைய இரண்டு பக்கம் இருக்கும்போதே அவர் விங்கில் நிற்கிறாரா, கையில் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். மறந்திருந்தால் எடுத்துக் கொடுங்கள், அறிவுரை வேண்டாம்.

மேடையில் தண்ணீர் சிந்தினாலோ கண்ணாடி உடைந்தாலோ முதல் வேலை மேடை மேலாளரிடம் சொல்வது. அடுத்து, நுழையப் போகும் நடிகர்களிடம் எந்த இடம் என்று சொல்வது. அவர்களில் ஒருவர் பாத்திரமாகவே துணியோடு போய்த் துடைக்க முடியுமா என்பதை மேடை மேலாளர் முடிவு செய்வார். அதற்காக இரண்டு விங்கிலும் உலர்ந்த துணி எப்போதும் தொங்கட்டும்.

11. இடைவேளை

15 நிமிடம் நீளமாகத் தோன்றும், இருக்காது. திரை மூடியதும் முதல் பாதிப் பொருள்களை எடுங்கள், ஈரம் துடையுங்கள், இரண்டாம் பாதியை வையுங்கள், பட்டியலைத் தொட்டுப் பாருங்கள். தேநீர் அதற்குப் பிறகு. நடிகர்கள் ஒப்பனை அறைக்கு எடுத்துப் போய்விட்ட பொருள்களை இப்போதே மீட்டுவிட வேண்டும்.

12. முடிந்தபின்

முதலில் ஆயுதங்களை எண்ணிப் பூட்டுங்கள். பிறகு சாப்பாட்டுப் பாத்திரங்களை அன்றிரவே சுடுநீரில் கழுவுங்கள், காலையில் என்று விட்டால் எறும்பு வரும். அடுத்து மேஜையின் ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் உடைகளின் பைகளைத் தடவிப் பாருங்கள். மோதிரம், கடிதம், மூக்குக்கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். துணி சலவைக்குப் போகும் முன் இதைச் செய்யாவிட்டால் கடிதம் கூழாகத் திரும்பி வரும்.

மேடை மேலாளரின் அறிக்கைக்கு உங்கள் பக்கத்துக் குறிப்புகளைக் கொடுங்கள்: ஒவ்வொரு பாதியும் ஓடிய நேரம், தாமதமானவை, உடைந்தவை, தீர்ந்துகொண்டிருப்பவை. ‘நாற்காலி ஆடுகிறது’ என்று எழுதினால் போதாது. ‘வரவேற்பறை நாற்காலி, பின்பக்க இடக்கால், திருகு தளர்ந்திருக்கிறது, நாளை மாலைக்குள் சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் தச்சர் வந்ததும் தேடாமல் வேலையைத் தொடங்குவார்.

எல்லோரும் போனதும் அறைகளைப் பாருங்கள், இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். மேடை நடுவில் ஒற்றை விளக்கை எரியவிட்டு, மற்றதை அணைத்து, பூட்டுங்கள். காலையில் முதலில் வருபவர் சுவிட்சைத் தேடி இருட்டில் மேடை விளிம்பிலிருந்து விழாமல் இருக்கத்தான் அந்த விளக்கு.